பெட்ரோல் முள்ளும் ஓர் உள்கணக்கும்

உள்கணக்குக்காரர் என்றொரு இனம் நம்மிடையே இருக்கிறது. இவர்களைத் தேடிக்கொண்டு எங்கேயும் போக வேண்டியதில்லை; எந்தக் கல்யாணப் பந்தியிலும் உங்களுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் ஒரு பொருள் பழுதாகிவிட்டால் சாதாரண ஜனங்கள் என்ன செய்வார்கள்? சரி செய்யக் கொடுப்பார்கள். உள்கணக்குக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். அந்தப் பழுதோடு பழகி, அதன் குணம், நடை, முன்கோபம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, அதோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார். எடை மிஷின் இரண்டு கிலோ கூடக் காட்டுகிறதா? கழித்துக்கொள்வார். வாசல் கதவு ஒட்டிக்கொள்கிறதா? சாவியைப் பாதி திருப்பி, கதவைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலால் ஒரு இடி இடித்தால் திறக்கும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பார். டி.வி. பெட்டியை எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. பொருள் சரியாகிவிட்டால் அப்புறம் அவருக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் தொண்ணூறுகளின் கோயமுத்தூருக்குப் போக வேண்டும். பெயர் தம்பிதுரை. தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு, கணபதியில் வெட்கிரைண்டர் கம்பெனி. கம்பெனியில் மனிதர் படு கறார். கிரைண்டர் கல் ஒரு நூல் கோணலாகச் சுற்றினாலும் "இத எடுத்து அக்கட்டால வெய்யிங்க" என்று ஒதுக்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், குன்னூர் எஸ்டேட் மானேஜர் ஒருவரிடமிருந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை துணிக்கூரை. ஸீட்டுக்கும் தரைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி என்பதால் உட்காருவதென்றால் விழ வேண்டும், எழுந்திருப்பதென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். அந்தக் காரில் எல்லாமே நன்றாக இருந்தது, பெட்ரோல் முள்ளைத் தவிர. டேங்க் வழிய வழிய ஊற்றினாலும் முள் முக்காலில் நின்றது. பாதி இருந்தால் கால் என்றது. கால் டேங்க் மிச்சம் இருக்கும்போதே காலி என்று படுத்துக்கொண்டது.

வேறொருவர் மறுநாளே மெக்கானிக்கிடம் விட்டிருப்பார். தம்பிதுரைக்கோ அந்த முள்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. சில நாள் ஓட்டிப் பார்த்துக் கணக்கைக் கண்டுபிடித்தார். முள் காட்டுவதோடு கால் டேங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இது மூலச் சூத்திரம். இதற்குமேல் கிளைச் சூத்திரங்கள் உண்டு: வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், மருதமலை ஏற்றத்தில் கூட்டவே கூடாது, ஆடிக் காற்று எதிரே அடித்தால் கூட்டியதில் ஒரு பங்கைத் திரும்பக் கழிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவிரல் கணுவால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிய பிறகு காட்டுவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், தட்டுவதற்கு முன்னால் காட்டியது செல்லாது. இவ்வளவையும் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் போதும், காபி வருவதற்குள் காரிடம் அழைத்துக்கொண்டு போய்விடுவார். என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை, சிவப்புப் பெயிண்டைப் பற்றி அரை வார்த்தை, மீதியெல்லாம் முள்.

"முள்ளு என்ன காட்டுதுங்க?"

"காலின்னு காட்டுதுங்களே."

"நெசத்துல எவ்வளவு இருக்குமுங்க?"

வந்தவர் முழிப்பார். அந்த முழிப்பைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "கால் டேங்க் இருக்குதுங்க. நமக்குத் தெரியாதுங்களா?" என்று சொல்லித் தம்பிதுரை சிரிப்பார். வந்தவர்களும் கொங்குச் சீமைக்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள். "அப்படீங்களா" என்பார்கள். "அதெப்படீங்க கண்டுபுடிச்சீங்க" என்றுகூடக் கேட்டார்கள். ஒருத்தராவது "முள்ளச் சரி பண்ணிப்போடலாமுங்களே" என்று சொன்னார்களா? சொன்னால் அவர் மனசு சங்கடப்படுமே. இந்த மரியாதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

அந்தக் காரின் இரண்டாவது ஸீட்டில் உட்காரும் பாக்கியம் பெற்றவர் அவர் மனைவி மயிலாத்தாள். அவளுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் ஒன்றும் பிடிபடவில்லை. முள் காலி என்று காட்டினால் அவள் பெட்ரோல் பங்கைத் தேட ஆரம்பிப்பாள். பத்து தடவை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாலும் பதினோராவது தடவையும் தேடுவாள். இப்படித் தேடிக்கொண்டிருந்த நாளில்தான் அவள் தம்பி குழந்தைவேலுவுக்குக் கொடுமுடியில் கல்யாணம் நிச்சயமானது. அம்மா போன பிறகு அந்தத் தம்பிக்குச் சோறு ஊட்டி, சட்டை மாட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது மயிலாத்தாள். கொங்குக் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவன் கூடப்பிறந்தவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். தம்பி பெண்டாட்டி கட்டப்போகிற வேளையில், அக்காளுக்கும் அந்த வீட்டில் என்றைக்கும் இடமுண்டு என்று ஊரறியச் செய்கிற சீர் அது. கூடப்பிறந்தவள் வரவில்லை என்றால் பெரியப்பா சித்தப்பா மகள் யாராவது செய்யலாம். சித்தப்பா மகள் பாவாத்தாள் ஒருத்தி இருக்கத்தான் இருந்தாள். குழந்தைவேலுவைத் தூக்கி வளர்த்தது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். மயிலாத்தாளுக்குப் பாவாத்தாளின் பெயரைக் கேட்டாலே காபி கசக்கும்.

"கல்யாண பஸ்ஸுல போயிரலாமுங்க" என்று மயிலாத்தாள் சொல்லிப் பார்த்தாள். தம்பிதுரை கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அக்காளும் மச்சானும் சிவப்புக் காரில் போய் இறங்குவதை ஊர் பார்க்க வேண்டாமா?

மயிலாத்தாள் யோசித்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கார் போத்தனூரில் அமீர் ஹம்சாவின் ஒர்க்‌ஷாப்புக்கு சர்வீசுக்குப் போக இருந்தது. அவருக்கு ஃபோன் போட்டாள்.

"ஏனுங்க அமீரு, அந்தப் பெட்ரோல் முள்ளையும் சித்த பாத்து உட்டுருங்க. அவியகிட்ட மட்டும் சொல்ல வேண்டாமுங்க."

"சரிங்கக்கா. சொன்னா மனசு சங்கடப்படுவாருங்க."

"அதேதானுங்க."

டேங்குக்குள் மிதக்கிற குண்டின் கம்பி கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். அமீர் ஹம்சா அதை நிமிர்த்திவிட்டார். முள் உண்மை பேச ஆரம்பித்தது. டேங்கில் அப்போது பாதி பெட்ரோல் இருந்தது; முள்ளும் பாதி என்றே காட்டியது. காரை எடுக்க வந்த தம்பிதுரை அதைப் பார்த்தார். விடும்போது கால் காட்டிய முள் இப்போது பாதி காட்டுகிறதே என்று அவர் சந்தேகப்பட்டாரா? இல்லை. உள்கணக்குக்காரருக்கு எதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். ஓட்டிப் பார்ப்பதற்காக அமீர் ஹம்சாவே பெட்ரோல் ஊற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டார். ஊற்றினீர்களா என்று வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டால் அதற்குக் காசு கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அமீர் ஹம்சா வருத்தப்படுவார். அதனால் தோளைத் தட்டி, "ரொம்ப நல்லதுங்க அமீரு" என்றார். தன் வேலையைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று அமீர் ஹம்சாவும் கூச்சப்பட்டுக்கொண்டு, "அட உடுங்க, இதென்ன பெரிய வேலைங்களா" என்றார். இரண்டு பேரும் மனநிறைவோடு பிரிந்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கல்யாண பஸ் கிளம்பிப் போயிற்று. கல்யாணத்துக்கென்று வாரம் முழுக்க வெளியே எடுக்காமல் வைத்திருந்த காரைத் தம்பிதுரை கழுவினார். பிறகு துடைத்தார். பிறகு மெழுகு போட்டார். மதியச் சாப்பாடு முடிந்து, பட்டுச் சேலையும் நகையுமாக மயிலாத்தாள் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து உட்கார்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தம்பிதுரை கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார்.

"முக்கால் டேங்க். கொடுமுடி போயிட்டு பாதி வழி திரும்பியே வந்தர்லாம்."

"பாதின்னுதானுங்களே காட்டுது?"

"அம்மணி, அது காட்டறது வேற, இருக்கறது வேற."

அத்தனை ஒறம்பரைக்கு முன்னால் மார்தட்டிக்கொண்ட மனிதரிடம், உங்கள் கணக்கு செத்துப் போய் ஒரு வாரமாகிறது என்று மயிலாத்தாள் எப்படிச் சொல்வாள்? வழியில்தான் எத்தனை பங்க் இருக்கிறது, எப்படியாவது ஊற்ற வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். சூலூரில் ஒரு பங்க் வந்தது. "தாகமா இருக்குதுங்க, அங்க சித்த நிறுத்துங்களேன்" என்றாள். தம்பிதுரை அன்பான கணவர். பங்கைத் தாண்டிப் போய் நிழலான இடத்தில் நிறுத்தி, இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தார். பல்லடத்தில் இன்னொரு பங்க் வந்தது. "டயர்ல காத்துக் கம்மியா இருக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள். அவர் ஓரங்கட்டி, அவள் கையைப் பிடித்து எழுந்து, நாலு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டு, "கல்லாட்டம் இருக்குது" என்று திரும்ப விழுந்து உட்கார்ந்தார். பங்க் பின்னால் போய்விட்டது. மயிலாத்தாள் ரோட்டைப் பார்க்கவில்லை. காற்றில் தலையிலிருந்து மல்லிகைச் சரம் பறந்து போனதையும் கவனிக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காங்கயம் வரும்போது முள் காலிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. அவளால் அதற்குமேல் முடியவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முள்ளு சரியாயிருச்சுங்க. நாந்தான் அமீர்கிட்டச் சொல்லிச் சரி பண்ண வெச்சனுங்க. அது காட்டறதுதானுங்க இருக்குது."

தம்பிதுரை கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் வேதனை. அவர் சிரித்தார். முள்ளைக் காட்டினார்.

"இது என்ன காட்டுது?"

"காலிங்க."

"டேங்குல எவ்வளவு இருக்குது? கால் டேங்க். முள்ளு சரியா இருந்திருந்தா கால்னுதான காட்டோணும்? காலின்னு காட்டுதுன்னா என்ன அர்த்தம்? அமீரு சரி பண்ணுலீன்னு அர்த்தம். உன்ற மனசு சங்கடப்படுமின்னு சும்மா சொல்லியிருக்காப்ல. நல்ல மனுசன்."

இதற்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? மயிலாத்தாள் "அப்படீங்களா" என்றாள். காங்கயத்தின் கடைசி பங்கும் பின்னால் போனது.

முத்தூருக்குப் போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் கிளுவை வேலியும் மேய்ச்சல் காடுமாக, ஒரு குருவி கூட உட்கார யோசிக்கிற இடத்தில் கார் இரண்டு தடவை விக்கியது. நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு காளைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. தம்பிதுரை இறங்கி முன்மூடியைத் திறந்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். பாட்டரியைச் சந்தேகப்பட்டார், சூட்டைச் சந்தேகப்பட்டார், இந்த ஊர்த் தூசியைச் சந்தேகப்பட்டார். பெட்ரோலை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. கால் டேங்க்தான் இருக்கிறதே.

"சித்த பொறு அம்மணி. சூடு ஆறுனா எடுத்துக்கும்."

மயிலாத்தாள் பொறுத்தாள். பொழுது இறங்கிக்கொண்டே போனது. கொடுமுடியில் இந்நேரம் மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்திருப்பார்கள். பாவாத்தாள் எந்தச் சேலை கட்டியிருப்பாள் என்பது வரைக்கும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. காங்கயம் பக்கமிருந்து ஒரு தனியார் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. நெற்றியில் கொடுமுடி என்று போர்டு. அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல், கதவின் மேல் ஊன்றித் தானாக எழுந்து நின்றாள். நடு ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டினாள்.

"நா இந்த பஸ்ஸுல போறனுங்க. நீங்க பொறவு வாங்க."

"அம்மணி, இந்தா இப்ப எடுத்துக்குமே."

"சரிங்க. எடுத்தா வாங்க."

அத்தனை வருஷத்தில் அவரை அவள் இப்படி விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. அப்போதும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுவிட்டுத்தான் போனாள். பட்டும் நகையுமாகத் தூசியோடு ஏறி வந்த அம்மாளைப் பார்த்து கண்டக்டர் ஜன்னல் ஸீட்டைக் காலி பண்ணிக் கொடுத்து, "கல்யாணத்துக்குங்களா? மாப்பிள்ளைக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். "அக்கா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கணவர்மேல் கோபம். அமீர் ஹம்சாமேல் கோபம். எல்லாவற்றையும்விடத் தன்மேல்தான் கோபம். வாசலிலேயே, கார் கிளம்புவதற்கு முன்னாலேயே நாலு வார்த்தை பட்டென்று சொல்லியிருந்தால்? கண்டக்டர் டிரைவரிடம் போய் என்னவோ சொன்னார். அதன் பிறகு அந்த பஸ் எந்த நிறுத்தத்திலும் அதிக நேரம் நிற்கவில்லை.

மண்டபத்து வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். உள்ளே மேளம் கேட்டது. மேளம் கேட்டால் சீர் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நேரம் போகிறது, நேரம் போகிறது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்த அருமைக்காரர், அதாவது சீர்களை நடத்தி வைக்கிற பெரியவர், கடைசியில் வேறு வழியில்லாமல் பாவாத்தாளை அழைத்து நிறுத்திவிட்டார். வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தில் பாவாத்தாள் கூறைச் சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறவள் மாதிரி நின்றாள். குழந்தைவேலு மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காளைப் பார்த்ததும் அவன் முகம் கோணிக்கொண்டு அழுகைக்குப் போயிற்று.

"வாங்கக்கா" என்றாள் பாவாத்தாள். "நீங்க வார வரைக்கும் சும்மா புடிச்சுட்டு நிக்கறனுங்க."

முனை கை மாறியது. கொஞ்சம் மெதுவாகத்தான் மாறியது.

"மொதல்ல இருந்து செய்யலாமுங்களா?" என்று மயிலாத்தாள் அருமைக்காரரிடம் கேட்டாள்.

"செஞ்ச சீரத் திரும்பச் செய்யக் கூடாது கண்ணு. இதுல இருந்து புடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் குழந்தைவேலு கல்யாணக் கேசட்டைப் போட்டால் இணைச்சீரின் முன்பாதியில் பாவாத்தாள் நிற்பாள். நடுவில் படம் ஒரு குலுக்கல் குலுங்கும். பின்பாதியில் தலையில் பூ இல்லாமல், முகமெல்லாம் தூசியாக மயிலாத்தாள் நிற்பாள். யார் வீட்டில் போட்டாலும் அவள் முன்பாதி முடிகிற வரைக்கும் சமையலறையில் ஏதாவது வேலையாக இருப்பாள்.

தம்பிதுரை பந்தி நேரத்துக்கு வந்து சேர்ந்தார். டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்த பால்காரர் ஒருவர் மொபெட்டில் காங்கயம் போய்க் கேனில் பெட்ரோல் வாங்கி வந்து கொடுத்திருந்தார். அது உள்ளே போன மறு நிமிஷம் கார் எடுத்துக்கொண்டது. அப்போதாவது மனிதர் தலையைத் தொங்கப் போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பக்கத்து இலைக்காரரிடம் அவர் சொன்னது இது:

"என்ற கணக்கு தப்பவே இல்லீங்க. முள்ளத்தான் எனக்குச் சொல்லாமக் கொள்ளாம சரி பண்ணிப்போட்டாங்க. சரியாயிருக்கற முள்ள வெச்சுட்டு மனுசன் எப்படீங்க வண்டி ஓட்டறது?"

"அப்படீங்களா" என்றார் பக்கத்து இலைக்காரர்.

மயிலாத்தாள் பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டாள். ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோயமுத்தூர் திரும்பியதும் தம்பிதுரை செய்த முதல் காரியம், நேரே போத்தனூருக்குப் போனது. "அமீரு, அந்த முள்ளப் பழையபடியே ஆக்கிக் குடுத்துருங்க" என்றார். அமீர் ஹம்சா அவர் முகத்தைப் பார்த்தார். நிமிர்த்தின கம்பியை மறுபடி வளைக்கச் சொல்லி அவருடைய சர்வீசில் யாரும் கேட்டதில்லை. "அதுக்கென்னங்க, ஆக்கிப்போடலாமுங்க" என்றார். மறுநாள் காரைக் கொடுக்கும்போது "ஆயிருச்சுங்க" என்றார். தம்பிதுரை கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார், முள்ளைப் பார்த்தார், மனசுக்குள் கால் டேங்கைக் கூட்டினார், நிம்மதியாக வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

கம்பியை நிஜமாகவே வளைத்தாரா, அல்லது தொடாமலேயே ஆயிற்று என்று சொல்லிவிட்டாரா? மயிலாத்தாள் அமீர் ஹம்சாவிடம் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் மரியாதையாகத்தான் பதில் சொல்வார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "நீங்க கார்ல முன்னால போங்க. நா பஸ்ஸுல வாரேனுங்க." தம்பிதுரை இப்போதெல்லாம் அவளுக்குப் பஸ் பிரயாணத்தில் ஆசை வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தம்பிதுரையைப் பார்த்து நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள். தப்பில்லை. ஆனால் சிரித்து முடித்த கையோடு உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்கள். அது பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிறது, அதுவும் உங்களுக்குத் தெரியும், பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ கிளம்பும்போது அந்தப் பத்து நிமிஷத்தைக் கழித்துக்கொண்டுதான் நிதானமாகக் காபி குடிக்கிறீர்கள், இல்லையா? குடியுங்கள். உங்கள் வீட்டிலும் மரியாதை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மனசு சங்கடப்படக் கூடாதே என்று அவர்கள் அந்தக் கடிகாரத்தைப் போன வாரமே சரி செய்து வைத்துவிட்டு, உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம்.